வெளிநாட்டு உதவிப் பணத்தின் கணக்கு யார் கண்ணில் படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு உதவி பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்தான் கேட்கும். "எல்லாத்தையும் தின்னுட்டாங்க" என்பது ஒன்று. "எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கு தெரியுமா" என்பது இன்னொன்று. இரண்டு பேரிடமும் கணக்கு கேட்டால் பெரும்பாலும் கையில் இருக்காது. அந்தக் கணக்கை யார் எழுதுகிறார்கள், யாரிடம் காட்டுகிறார்கள், யாரிடம் காட்டுவதில்லை என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

எந்தப் பணத்தைச் சொல்கிறீர்கள்?

பணக்கார நாடுகளின் அரசுகள் மற்ற நாடுகளின் வளர்ச்சிக்காகத் தரும் மானியத்தையும் சலுகைக் கடனையும் சொல்கிறோம். நேரடியாகவும் தருவார்கள், உலக வங்கி, ஐநா அமைப்புகள் வழியாகவும் தருவார்கள். எதையெல்லாம் உதவி என்று எண்ணலாம் என்பதற்கு விதி வகுத்து, ஆண்டுதோறும் கூட்டிச் சொல்வது பாரிஸில் இருக்கும், பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு. அதன் உறுப்பு நாடுகள் 2024ல் காட்டிய தொகை சுமார் 21,200 கோடி டாலர். அந்த நாடுகளின் மொத்தத் தேசிய வருமானத்தில் இது 0.33 சதவீதம். 0.7 சதவீதம் என்ற இலக்கை ஐநா பொதுச்சபை 1970லேயே வைத்துவிட்டது.

இந்தத் தொகை முழுவதும் விமானம் ஏறி ஏழை நாட்டுக்குப் போனது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன் நாட்டுக்கு வந்து சேரும் அகதிகளை முதல் ஓராண்டு பராமரிக்கும் செலவையும் உதவிக் கணக்கில் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. 2022ல் பிரிட்டன் இந்த வகையில் எழுதியது சுமார் 370 கோடி பவுண்ட். அந்த ஆண்டு அதன் மொத்த உதவியில் இது ஏறக்குறைய 29 சதவீதம். அதில் கணிசமான பங்கு பிரிட்டனிலேயே ஓட்டல் அறை வாடகையாகப் போனது. பட்டினி ஒழிப்புக்கு என்று மக்கள் நினைத்த பணம் சொந்த ஊர் ஓட்டலுக்குப் போயிருக்கிறது. சரி, இது நமக்கு எப்படித் தெரிந்தது? பிரிட்டன் அரசே இனம் பிரித்து வெளியிட்டதால்தான். வெளியிட்டவரைத்தான் திட்ட முடிகிறது, வெளியிடாதவர் தப்பித்துக்கொள்கிறார். இந்தத் துறையின் தலைவலிகளில் இது முக்கியமானது.

தணிக்கையாளர் பார்க்கிறாரே, அது போதாதா?

தணிக்கை தேவைதான். ஆனால் அது வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மலேசியாவின் பெர்காவ் அணையை எடுத்துக்கொள்வோம். கிளாந்தான் மாநிலத்தில் நீர்மின் அணை கட்ட பிரிட்டன் 23.4 கோடி பவுண்ட் உதவி தர ஒப்புக்கொண்டது. இந்த மின்சாரம் கட்டுப்படியாகாது என்று உதவித் துறையின் தலைமை அதிகாரியே எழுத்தில் ஆட்சேபித்தார். ஆனாலும் பணம் போனது. மலேசியாவுக்கு ஆயுதம் விற்கும் பேச்சும் உதவிப் பேச்சும் 1988ல் ஒரே தாளில் பின்னிக்கிடந்ததுதான் காரணம். அது பொதுமக்களுக்குத் தெரியாது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது 1993ல். ஒரு தொண்டு அமைப்பு வழக்குப் போட, 1994ல் உயர் நீதிமன்றம் அந்த உதவியைச் சட்டவிரோதம் என்றது. 2002ல் வந்த சட்டம், வறுமைக் குறைப்புக்காக மட்டுமே உதவி தரலாம் என்று வரையறுத்தது.

தணிக்கையாளர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் ஒப்பந்தம் ஆறிப்போன பிறகு வந்த அறிக்கை அது. 1988லேயே தாள் வெளியே வந்திருந்தால் இந்த அணைக்குப் பணம் போயிருக்குமா?

வெளிப்படையாக வைத்ததால் எங்காவது ஏதாவது மாறியிருக்கிறதா?

உகாண்டாவில் மாறியது. இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அரைத்த மாவுதான் என்றாலும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய விஷயம்.

1990களின் தொடக்கத்தில் உகாண்டா அரசு, தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மானியம் ஒதுக்கிவந்தது. சம்பளம் போக மற்ற செலவுகளுக்கான பணம் இது. கொடையாளர் நாடுகள் பெரிதும் தாங்கி நின்ற பட்ஜெட் அது. காகிதத்தில் கல்விச் செலவு ஏறியது. பள்ளியில் அதற்கேற்ற மாற்றம் தெரியவில்லை. ஏன் என்று பார்க்க 1996ல் உலக வங்கியும் உகாண்டா அரசும் 250 பள்ளிகளின் பதிவேடுகளைப் புரட்டின. அந்தத் தகவலை ரித்வா ரெய்னிக்காவும் யாக்கோப் ஸ்வென்சனும் ஆராய்ந்தார்கள். 1991 முதல் 1995 வரை மத்திய அரசு விடுவித்த பணத்தில், சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளியை எட்டியிருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை.

மீதியெல்லாம் மாவட்ட அலுவலகத்தோடு நின்றுவிட்டது. அத்தனையும் யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. மாவட்ட நிர்வாகத்தின் வேறு செலவுகள், உள்ளூர் அரசியல் என்று பல பக்கம் போயிருக்கிறது. கொஞ்சம் வசதியான பெற்றோர் இருந்த பள்ளிகள் கேட்டு வாங்கின. ஏழை ஊர்ப் பள்ளிகளால் அது முடியவில்லை. தங்கள் பள்ளிக்கு எவ்வளவு பணம் வர வேண்டும் என்றே பல இடங்களில் தெரியாது. தெரியாத பணத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அரசு செய்தது எளிய வேலை. மாவட்டவாரியாக இந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று நாளிதழ்களில், உள்ளூர் மொழிப் பதிப்புகள் உட்பட, அச்சிட்டது. வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னது. 2001க்கான கணக்கெடுப்பில், பள்ளிக்குப் போய்ச் சேரும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. செய்தித்தாள் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

அப்படியானால் எல்லா ஊரிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டால் முடிந்ததா?

முடியாது. உகாண்டா கதையைப் பிற்காலத்தில் மறுபடி பார்த்தவர்கள், நாளிதழ் ஒன்றே இதைச் சாதிக்கவில்லை என்றார்கள். அதே ஆண்டுகளில்தான் இலவசத் தொடக்கக் கல்வித் திட்டம் 1997ல் தொடங்கியது. அரசாங்கத்தின் கண் பள்ளிகள் மேல் விழுந்தது. பணம் அனுப்பும் முறை மாறியது, கொடையாளர்களும் நெருக்கினார்கள். நியாயமான மறுப்புதான்.

இதைவிடச் சுவாரசியமானது இந்தோனேசியாவில் நடந்த சோதனை. ஜாவாவில் உலக வங்கிப் பணத்தில் கிராமச் சாலை போடும் திட்டம் ஒன்று இருந்தது. பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் 2003, 2004 வாக்கில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களை எடுத்துக்கொண்டார். சில ஊர்களில் கட்டாயம் அரசுத் தணிக்கை வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில ஊர்களில் கணக்குக் காட்டும் கூட்டத்துக்கு மக்களைப் பெருமளவில் அழைத்தார்கள். சாலை போட்டு முடிந்ததும் பொறியாளர்கள் போய் அங்கங்கே தோண்டி, உள்ளே எவ்வளவு கல்லும் மணலும் இருக்கிறது என்று அளந்து, கணக்கில் எழுதிய தொகையோடு ஒப்பிட்டார்கள். தணிக்கை உறுதி என்று தெரிந்த ஊர்களில் காணாமல் போன பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. கூட்டத்துக்கு ஆட்கள் வந்தார்கள், ஆனால் அதனால் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. தணிக்கை வந்த ஊர்களிலும் ஒன்று நடந்தது: பணத்தை எடுக்க முடியாதவர்கள் சொந்தக்காரர்களுக்கு அந்த வேலையில் கூலி வாங்கிக் கொடுத்தார்கள். மனிதர்கள் எல்லா ஊரிலும் மனிதர்கள்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. பள்ளி மானியம் ஒற்றை எண். இவ்வளவு வர வேண்டும், இவ்வளவுதான் வந்தது என்று தலைமையாசிரியர் தானே சரிபார்க்கலாம். சாலையில் ஜல்லியின் கனம் அப்படி இல்லை. தோண்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஊர்க்காரர் தானே சரிபார்க்கக்கூடிய தகவலை ஊரில் வைக்க வேண்டும். அவரால் முடியாததற்கு நிச்சயமாக வந்து தோண்டிப் பார்க்கும் தணிக்கையாளர் வேண்டும். முன்னதை அறிவிப்புப் பலகையும் பின்னதைக் கிராமக் கூட்டமும் பார்த்துக்கொள்ளும் என்று திட்ட அறிக்கைகளில் எழுதிவிடுகிறார்கள். பின்னதற்கு ஜாவாவில் கிடைத்த விடை நேர் எதிர்.

ஐஏடிஐ, ஐஏடிஐ என்கிறார்களே, அது என்ன?

சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முயற்சி. 2008ல் கானா நாட்டின் அக்ரா நகரில் உதவியின் பயன் பற்றி நடந்த பெரிய மாநாட்டில் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய வடிவில், தனக்குத் தோன்றிய நேரத்தில் கணக்கு வெளியிட்டது. ஓஇசிடி கணக்கோ செலவு முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான் முழுதாக வரும். உதவி பெறும் நாட்டின் நிதி அமைச்சருக்கு அடுத்த பட்ஜெட்டில் என்ன வரும் என்று தெரிய வேண்டும், போன ஆண்டு வந்தது தெரிந்து என்ன பயன்?

ஐஏடிஐ ஒரு பொது வடிவத்தைத் தந்தது: திட்டத்தின் பெயர், இடம், ஒப்புக்கொண்ட தொகை, இதுவரை கொடுத்தது, இனி கொடுக்கப்போவது, யார் வழியாக. 2011 தொடக்கத்தில் பிரிட்டனின் அன்றைய உதவித் துறை முதலில் வெளியிட்டது. அதே ஆண்டு தென் கொரியாவின் புசான் மாநாட்டில், 2015 முடிவதற்குள் எல்லோரும் ஒரு பொதுத் தரத்தில் வெளியிடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் செய்யவில்லை. ஆனாலும் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இந்த வடிவில் வெளியிடுகின்றன. தன்னிடம் பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்களும் வெளியிட்டே ஆக வேண்டும் என்று நெதர்லாந்து 2016ல் நிபந்தனை போட்டது.

யார் ஒழுங்காக வெளியிடுகிறார்கள்?

பப்ளிஷ் வாட் யூ ஃபண்ட் என்ற பிரிட்டன் அமைப்பு இதற்கென்றே தரவரிசை போடுகிறது. 2022லும் 2024லும் முதலிடம் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின், அரசுகளுக்குக் கடன் தரும் பிரிவுக்கு. பணக்கார நாட்டு அமைச்சகங்களை ஓர் ஆப்பிரிக்க அமைப்பு பின்னுக்குத் தள்ளியது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வங்கியின், தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் பிரிவு 2022 பட்டியலில் பின்தங்கி இருந்தது. வணிக ரகசியம் என்று ஒரு சொல் வந்துவிட்டால் கதவு சாத்திக்கொள்கிறது.

பிரிட்டன் 2020ல் தன் உதவித் துறையை வெளியுறவுத் துறையோடு இணைத்தது. அடுத்த தரவரிசையிலேயே "மிக நன்று" என்ற படியிலிருந்து ஒரு படி இறங்கியது. சீனாவின் வணிக அமைச்சகம் பல ஆண்டுகள் கடைசி இடங்களில் இருந்தது. அமெரிக்காவின் எய்ட்டேட்டா ஆய்வகம் செய்தி, ஒப்பந்தம், தூதரக அறிவிப்பு எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து, 2000 முதல் 2017 வரை 165 நாடுகளில் 13,427 சீனத் திட்டங்கள், சுமார் 84,300 கோடி டாலர் என்று 2021ல் ஒரு கணக்குக் கொடுத்தது. ஒரு நாடு கொடுத்த பணத்தை இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகம் துப்பறிந்து எண்ண வேண்டியிருக்கிறது.

இந்தியாவும் உதவி தருகிறதே?

தருகிறது. ஓஇசிடி குழுவில் இந்தியா உறுப்பினர் இல்லை, ஐஏடிஐ வடிவிலும் வெளியிடுவதில்லை. எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று மத்திய பட்ஜெட்டில் பார்க்கலாம், பூட்டானுக்குத்தான் வழக்கமாக அதிகம். ஆனால் ஒவ்வொரு திட்டத்தின் செலவையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க வழியில்லை.

ஆனால் வெளிப்படைத்தன்மைக்கு நான் காட்டும் நல்ல எடுத்துக்காட்டுகளில் ஒன்றும் இந்திய உதவிதான். இலங்கையில் போர் முடிந்த பின் வந்த இந்திய வீட்டுத்திட்டம் அது. மொத்தம் 50,000 வீடுகள். முன்னோட்டமாக 1,000 வீடுகளை ஒப்பந்ததாரர் கட்டினார். அதன்பின் வடக்கு, கிழக்கில் முறையை மாற்றினார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். அஸ்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே பணம் போகும். வீட்டை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். பின்னர் மலையகத் தோட்டங்களில் 4,000 வீடுகளுக்குத் தொகை ஒன்பதரை லட்சமாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. சாமான் விலையும் கூலியும் ஏறியதால் அந்தத் தொகை போதாமல் கடன் வாங்கிக் கட்டியவர்கள் நிறைய. பயனாளி பட்டியலில் பெயர் வரவில்லை என்ற முறையீடும் இருந்தது. ஆனால் ஐந்தரை லட்சம் என்ற எண் ஊர் முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை தவணை வந்தது என்றும் தெரியும். இதில் நடுவில் ஒருவர் ஐம்பதாயிரத்தை உருவினால் மறுநாள் காலையில் ஊரே பேசும். எந்த இணையதளமும் இல்லாமல் இது நடந்தது.

இவ்வளவு தகவல் இணையத்தில் இருந்தும், உதவி வாங்கும் ஊர்க்காரருக்கு ஏன் எதுவும் தெரிவதில்லை?

பணம் பல கை மாறுகிறது. முதல் கை வரைக்கும்தான் பெரும்பாலும் தகவல் இருக்கிறது. ஹைத்தியைப் பாருங்கள். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2012 வரை அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் 600 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாக ஐநா சிறப்புத் தூதர் அலுவலகம் கணக்குச் சொன்னது. அதில் ஹைத்தி நாட்டு அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் நேரடியாகப் போனது 1 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்க அரசின் பணத்தில் பெரும் பங்கு வாஷிங்டன் வட்டாரத்து ஒப்பந்த நிறுவனங்களுக்குப் போனது. அவை யாருக்குத் துணை ஒப்பந்தம் கொடுத்தன, அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. போர்ட்டோபிரின்ஸில் உதவி ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் ஐநா வளாகத்துக்குள் ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோல் பேசும் உள்ளூர் அமைப்புகள் காவல் வாசலையே தாண்ட முடியவில்லை.

2016ல் இஸ்தான்புலில் கொடையாளர்களும் பெரிய தொண்டு அமைப்புகளும் ஓர் உடன்பாடு செய்தார்கள்: 2020க்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதம் இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும். போகவில்லை.

என் பார்வையில், இந்தத் துறை தன்னை வெளிப்படை என்று சொல்லிக்கொள்ளும்போது கொடுக்கும் நாட்டு வரி செலுத்துபவரைப் பார்த்துத்தான் சொல்கிறது. அவருக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லண்டனில் இருப்பவரால் கிணறு வெட்டினார்களா இல்லையா என்று எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்க்கக்கூடியவர் கையில்தான் தாள் இல்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994ல் தொடங்கிய பொது விசாரணைகளில், பஞ்சாயத்து வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி எழுதியிருப்பது கேட்டவருக்கு உடனே தெரிந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று அங்கே எழுந்த முழக்கம்தான் பிறகு 2005ன் தகவல் உரிமைச் சட்டம் வரைக்கும் போனது. அது உள்நாட்டு அரசுப் பணம். வெளிநாட்டு உதவிக்கு மட்டும் இந்த முறை ஏன் பொருந்தாது என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.

கடனுக்கும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டுமா?

கடனுக்குத்தான் இன்னும் அதிகம் வேண்டும், திருப்பிக் கட்டப்போவது மக்கள் என்பதால். மொசாம்பிக்கில் 2013, 2014ல் சூரை மீன் படகுகளுக்கும் கடலோரக் காவலுக்கும் என்று அரசு நிறுவனங்கள் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. அரசு உத்தரவாதம் கொடுத்தது. பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்கே தெரியாது. 2016ல் வெளியே வந்ததும் சர்வதேச நாணய நிதியமும் (ஐஎம்எஃப்) கொடையாளர்களும் பட்ஜெட் உதவியை நிறுத்தினார்கள். கடன் கொடுத்த வங்கிகளில் ஒன்று சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ். ஆகவே ரகசியக் கடன் என்றால் சீனா மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

சீனக் கடன்களிலும் சிக்கல் உண்டு. 24 நாடுகளோடு போட்ட 100 ஒப்பந்தங்களை 2021ல் ஆய்வாளர்கள் படித்துப் பார்த்தார்கள். நிபந்தனைகளை வெளியே சொல்லக்கூடாது என்ற பிரிவு, 2014க்குப் பிந்தைய ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் இருந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனை நிறுத்திவைத்த பிறகு, ஐஎம்எஃப் 2023ல் அந்நாட்டின் ஆளுகை பற்றி ஒரு விரிவான அறிக்கை தந்தது. பெரிய அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களை இணையத்தில் வெளியிடுங்கள் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

எல்லாவற்றையும் வெளியிட்டால் ஆபத்து இல்லையா?

சில இடங்களில் உண்டு. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்ததும், அமெரிக்க அரசு அமைப்புகள் ஆப்கன் திட்ட அறிக்கைகளை அவசரமாக இணையத்திலிருந்து இறக்கின. அதில் பெயர் இருந்த உள்ளூர்க்காரர்களின் உயிர் பிரச்சினை அது. நியாயமான காரணம். எச்ஐவி சிகிச்சை, பெண்கள் காப்பகம் போன்றவற்றிலும் பெயரும் முகவரியும் வெளியே வரக்கூடாது. ஆனால் மறைக்க வேண்டியது ஆட்களின் பெயர். தொகையையும் ஒப்பந்ததாரரையும் மறைக்க இதைச் சாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஊழல் வெளியே வந்தால் உதவியே நின்றுவிடாதா?

நின்றிருக்கிறது. மலாவியில் 2013ல் அரசின் கணினிக் கணக்கு முறையிலேயே பணம் எடுத்துவிட்டுப் பதிவை அழித்த மோசடி பிடிபட்டது. 'கேஷ்கேட்' என்று பெயர் வைத்தார்கள். கொடையாளர்கள் பட்ஜெட் உதவியை நிறுத்தினார்கள். மருந்தும் சம்பளமும் அடிவாங்கின. திருடியவர்களைவிட மருத்துவமனை வரிசையில் நின்றவர்கள் அதிகம் இழந்தார்கள். பிரிட்டன் செலவில் நடந்த தடயத் தணிக்கை அறிக்கை 2014ல் வெளியானபோது, அதில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. மக்கள் கொதித்துப் போனார்கள்.

இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. பிடிபட்டதும் கொடுப்பவர் கையை உதறிக்கொண்டு போனால், அடுத்த முறை யாரும் எதையும் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

2025ல் அமெரிக்கா என்ன செய்தது?

ஜனவரி 20ல் வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச்சில், அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஜூலை 1ல் யுஎஸ்எய்ட் தனி அமைப்பாக இயங்குவது முடிந்தது. வீணான செலவையும் மோசடியையும் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறோம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் பிப்ரவரித் தொடக்கத்திலேயே யுஎஸ்எய்ட் இணையதளம் அணைந்தது. பல பத்தாண்டுத் திட்ட மதிப்பீடுகள் இருந்த ஆவணக் களஞ்சியமும் அதோடு போனது. பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் ஃப்யூஸ்நெட் தளமும் சில மாதம் இருட்டில் கிடந்தது. வீண் செலவு எது என்று காட்டும் ஆவணங்களை இறக்கிவிட்டு வீண் செலவைப் பற்றிப் பேசுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. உதவித் திட்டங்களை மதிப்பிட்டு வெளியிட வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 2016லேயே வந்துவிட்டது, ஒபாமா கையெழுத்திட்டது.

என் ஊரில் ஒரு திட்டம் நடக்கிறது. எங்கே போய்க் கேட்பது?

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கித் திட்டம் என்றால் அவற்றின் இணையதளத்தில் திட்டப் பெயர் போட்டாலே ஆவணம் வரும். கடன் ஒப்பந்தமும் கொள்முதல் திட்டமும் அங்கே பெரும்பாலும் இருக்கும். மற்ற நாடுகளின் உதவிக்கு, ஐஏடிஐ தகவலைக் காட்டும் டி-போர்ட்டல் என்ற தளத்தில் நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். ஆங்கிலம்தான், பொறுமை வேண்டும்.

இந்தியாவில், அந்தத் திட்டத்தை நடத்துவது பெரும்பாலும் மாநில அரசுத் துறையாக இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். தொண்டு நிறுவனம் என்றால் சற்றுச் சிரமம். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகள் உள்துறை அமைச்சகத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தன. 2022 ஜூலையில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நிறுவனத்திடமே கேட்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள்.

இலங்கையில் 2016ன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் இந்தியச் சட்டத்தைவிட ஒரு படி மேலே போகிறது. வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச அமைப்பிடமோ கணிசமாக நிதி வாங்கிப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரசு சாரா நிறுவனமும், அந்தச் சேவை தொடர்பான தகவலுக்கு, அதன் வரம்புக்குள் வருகிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அதைவிட முக்கியம் ஒன்பதாம் பிரிவு. ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அமைச்சர் அதன் விவரங்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தப் பிரிவை எடுத்துக்காட்டிக் கேட்பவர்கள் குறைவு. பிரதேச செயலகத்தில் உள்ள தகவல் அலுவலரிடம் கேட்கும்போது பிரிவின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். திட்டத்தின் மொத்தத் தொகை, ஒப்பந்ததாரர் யார், இதுவரை எவ்வளவு விடுவித்தார்கள், முடிய வேண்டிய தேதி என்ன: இந்த நான்கையும் தனித்தனி எண் போட்டுக் கேட்டால், ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட முடியாது.